மாலை போட்ட எஞ்சின்

கரங்கானில் என் பெயரைச் சொல்லத் தேவையில்லை. லாரியின் நிறத்தைச் சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகூட என் வீட்டைக் கைகாட்டிவிடும். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் இன்று என் வாசலில் வரிசையாக நிற்கின்றன என்றால், அவற்றில் ஒரு நட்டுகூட எவன் அப்பன் வீட்டிலிருந்தும் வந்ததில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் படித்ததுதான். யானை இறங்கும் பாதையில் குலை ஏற்றியிருக்கிறேன். பிரேக் அறுந்த லாரியை மலைச்சரிவில் மண்மேட்டில் முட்டி நிறுத்தி, இறங்கி வந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன். பயம் என்றால் என்னவென்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் அறுபது வயதுவரை சிரித்திருப்பேன்.

பிறகு ஒரு மோட்டார் போட் வாங்கினேன்.

வாங்கியதற்குக் காரணம் என் சம்பந்தி. என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், சுங்கை பட்டாணியில் நகைக்கடை வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, வாயைத் திறந்தால் நக்கல். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், புது லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. ரோடு இருக்கிற வரைக்கும் நீங்கதான் ராஜா. ரோடு முடிஞ்சா என்ன செய்வீங்க?” என்றார்.

“ரோடு முடிஞ்சா கடல்ல ஓட்டுவேன்,” என்றேன்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சொன்னதைச் செய்யாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. பொங்கலுக்கு முன்பே கோத்தா கோலா மூடாவில் ஒரு மலாய்க்கார மீனவரிடம் ஃபைபர் போட் ஒன்றைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டேன். லைசென்ஸ் வேலையை மகன் கவனித்துக்கொண்டான். பழைய போட்தான். ஆனால் என் பட்டறையிலேயே வைத்து என் லாரி நிறத்தையே அடித்து, பின்னால் புத்தம்புது எஞ்சினும் மாட்டியதும் பார்க்கிறவன் கண் கூசியது. என் பட்டறைப் பையன்கள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். கரங்கானில் கடல் ஏது? கித்தா என்கிற ரப்பரும் செம்பனையும்தான் எந்தப் பக்கம் திரும்பினாலும். அந்தக் காட்டு ஊரில் ஒரு போட் நிற்பதைப் பார்க்கவே ஜனம் வந்தது.

என் மனைவி மட்டும் அதன் பக்கம் வரவில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, “நீந்தத் தெரியுமா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“லாரி ஓட்டறவனுக்கு ஓடத் தெரியணுமா?” என்றேன்.

கேள்விக்குப் பதில் சொன்னேனே தவிர, அன்று சாப்பிடும்போது கை கொஞ்சம் நின்றது. எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்களில் நீச்சல் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால் ஆறு ஓடியது. ரப்பர் பால் வெட்டப் போகும் அம்மாமார்கள் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், ஆற்றைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் போவார்கள். உள்ளே ஒருத்தி தலைமுடியை விரித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், கணுக்காலைத்தான் பிடிப்பாள் என்பார்கள். கணுக்கால் நனையும் ஆழத்துக்கு மேல் நான் அந்த ஆற்றில் இறங்கியதே கிடையாது. எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். அவளும் அதே லயத்துப் பிள்ளைதான்.

எங்கள் ஆட்கள் எந்த வண்டி வாங்கினாலும் பூசை போடாமல் சக்கரம் நகராது. என் லாரி ஒவ்வொன்றும் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் ரோட்டுக்கு வந்தது. போட்டுக்கு மட்டும் போடாமல் விடுவேனா? எங்கள் ஊர் அம்மன் கோயில் பூசாரியை வேனில் ஏற்றிக்கொண்டேன். சம்பந்தியையும் வரச்சொன்னேன். அவர் பார்க்காமல் நான் போட் விட்டு என்ன பிரயோசனம்? மனைவி வரமாட்டேன் என்றாள். “முதல் சவாரிக்கு வீட்டு லெட்சுமி ஏறலேன்னா அது என்ன பூசை?” என்று பூசாரி கேட்டதும், பிரசாதக் கூடையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூடா ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, மீனவர்கள் படகு கட்டும் கரையில், டிரெய்லரிலிருந்து போட்டை இறக்கினோம். எதிரே காவி நிறத் தண்ணீர். வடக்கே ஜெராய் மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றது. போட் விற்ற மலாய்க்காரர் சரோங்கை மடித்துக்கட்டிக்கொண்டு உதவிக்கு வந்திருந்தார். என்னைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார். முதலாளி என்று அர்த்தம், எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பூசாரி எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு போட்டை முன்னும் பின்னும் பார்த்தார். “அண்ணே, இதுக்குச் சக்கரம் எங்க இருக்கு?”

“டிரெய்லருக்கு இருக்கே, அதுல வையிங்க,” என்றான் என் லாரி டிரைவர்.

“அப்ப பூசை டிரெய்லருக்குத்தான். டிரெய்லர் மூழ்காது, போட்டு மூழ்கிரும்,” என்றார் சம்பந்தி. அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் மணலில் பழங்களை வைத்து, போட்டை அதன்மேல் இழுத்து நசுக்கினோம். தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, சூடம் காட்டினோம். மாலையை எங்கே போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. லாரியாக இருந்தால் முகப்பில் போடுவோம். போட்டின் மூக்கில் மாலை நிற்கவில்லை, வழுக்கியது. “உயிர் எஞ்சின்லதானே இருக்கு?” என்று நானே எடுத்து எஞ்சின் தலையில் போட்டேன். செவ்வந்தியும் ரோஜாவும் கலந்த, என் கை மொத்தத்துக்கு ஒரு மாலை. இப்போதெல்லாம் மாலையை வாழைநாரில் யார் கட்டுகிறார்கள்? எல்லாம் நைலான் கயிறு.

மலாய்க்காரர் பக்கத்தில் வந்து மெதுவாக, “தவுக்கே, புங்கா இத்து பூக்கா டூலு,” என்றார். அந்தப் பூவை முதலில் கழற்றுங்கள் என்றார். பிறகு கடலைக் கையால் காட்டி, தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது, முகத்துவாரத்து மணல் திட்டில் அலை உடையும், மத்தியானம் தண்ணீர் ஏறட்டும், அப்புறம் போகலாம் என்றும் சொன்னார்.

நான் பூசாரியைப் பார்த்தேன். பூசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மத்தியானம் எமகண்டம்ண்ணே. சாயங்காலம் ராகுகாலம். இப்ப விட்டாத்தான் நல்ல நேரம். மாலையை முதல் ஓட்டம் முடியாமக் கழட்டக்கூடாது, லாரிக்குக் கழட்டுனோமா?”

லாரிக்குக் கழற்றியதில்லை. காய்ந்து தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம். அந்த இடத்தில் எங்கள் ஆட்களில் வேறு யாராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். நாற்பது வருடமாக என் வண்டிகளைக் காப்பாற்றிய கணக்கு அது. அதை ஒரு அலைக்காக மாற்றுவதா? மலாய்க்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு நங்கூரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். துருப்பிடித்துச் சேறு அப்பியிருந்தது. புதுப் பெயின்டில் கீறல் விழுமே என்று அதை வேனுக்குள் போடச் சொன்னேன்.

நான், மனைவி, சம்பந்தி, மூன்று பேர் ஏறினோம். பூசாரி கரையிலேயே நின்றுவிட்டார். நானும் மனைவியும் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டோம். சம்பந்தி தன் வெள்ளைச் சட்டை கசங்கும் என்று மிதவைச் சட்டையை மடித்து உட்காரும் பலகையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

ஆற்றுக்குள் ஓடியது அழகாகத்தான் இருந்தது. எஞ்சின் சத்தம் எனக்குப் பழகிய பாஷை. இரண்டு பக்கமும் மீன்பிடிப் படகுகள், வலை காயவைத்த பலகைப் பாலங்கள். கரையில் நின்றவர்கள் கையாட்டினார்கள். சம்பந்தி போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே, “பாருங்க, பாருங்க, கித்தாக்காட்டு கேப்டன்!” என்று குடும்ப வாட்ஸ்அப்புக்குச் செய்தி வாசித்தார். முகத்துவாரத்தில் போட் ஏறி ஏறி விழுந்தது. அடியில் யாரோ முழங்கையால் குத்துவதுபோல் இருந்தது. தண்ணீர் வெளியே போகிற வேகத்தில் நாங்களும் கடந்துவிட்டோம். கடல் விரிந்தது. தெற்கே பினாங்கு மலை நீலமாகத் தெரிந்தது. நான் எழுந்து நின்று, “என்ன சம்பந்தி, ரோடு முடிஞ்சிருச்சா?” என்று கத்தினேன்.

அவர் பதில் சொல்வதற்குள் எஞ்சின் ஒரு முறை முனகியது. லாரி கிளட்ச் கருகும்போது வருமே, அந்த முனகல். பிறகு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் தலையில் மாலை இல்லை.

அந்த அமைதியை நான் எப்படிச் சொல்வது? லாரி நின்றால் நின்ற இடத்தில் நிற்கும். கதவைத் திறந்தால் கீழே மண் இருக்கும். இங்கே எஞ்சின் நின்றது, போட் நிற்கவில்லை. கரையில் நின்ற தென்னைமரங்கள் தாங்களே நடந்து போவதுபோல் சிறுத்துக்கொண்டிருந்தன. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை, ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறோம். என் கணுக்கால் இரண்டும் சில்லென்று ஆனது. அடித்தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அப்போது இல்லை.

“என்னாச்சு?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல. பூ மாட்டிக்கிச்சு.”

“பூவா?” என்றார் சம்பந்தி. போனைக் கீழே இறக்கியிருந்தார். நக்கல் போன குரலை அவரிடம் அன்றுதான் முதலில் கேட்டேன்.

எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினேன். விசிறிக்குள் நைலான் கயிறு முறுக்கி முறுக்கி இறுகி, செவ்வந்தி இதழெல்லாம் கஞ்சியாக அப்பியிருந்தது. கையால் இழுத்தால் இம்மி நகரவில்லை. அதற்குள் போட் தானாகவே பக்கவாட்டில் திரும்பிவிட்டது. முதல் அலை பக்கத்தில் அடித்து உள்ளே கொட்டியது. சம்பந்தியின் போன் கால்மாட்டில் கிடந்த தண்ணீருக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. உட்கார்ந்திருந்த மிதவைச் சட்டையை இழுத்துத் தலைவழியாக மாட்டப் பார்த்தார், கை உள்ளே போகவில்லை. “சம்பந்தி, இதை மாட்டிவிடுங்க, மாட்டிவிடுங்க,” என்று சின்னப் பிள்ளைபோல் என்னிடம் நீட்டினார். அப்போதுதான் நங்கூரத்தை நினைத்துக்கொண்டேன். அது வேனுக்குள் பழைய சாக்கின் மேல் பத்திரமாக இருந்தது.

என் மனைவி பிரசாதக் கூடையைக் கவிழ்த்தாள். சுண்டல் வைத்திருந்த எவர்சில்வர் ஏனத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள். “அண்ணே, தண்ணிய மொண்டு ஊத்துங்க. சட்டைய அப்புறம் பாத்துக்கலாம்.” எலுமிச்சம்பழம் நறுக்கிய கத்தியை என்னிடம் நீட்டினாள்.

கத்தியோடு நான் பின்பக்கத்தில் குனிய வேண்டும். கயிற்றை அறுக்க ஒரு கை, விசிறியைப் பிடிக்க ஒரு கை. அப்படியானால் போட்டைப் பிடிக்கக் கை இல்லை. நான் சொல்வதை நம்புங்கள், லாரிக்கு அடியில் ஜாக்கி நழுவியபோதுகூட என் கை நடுங்கியதில்லை. அன்று என் இடது கை போட்டின் விளிம்பை விடமாட்டேன் என்றது. விடு என்கிறேன், விடவில்லை. கீழே தண்ணீர் பச்சையாக, அடி தெரியாமல், மேலும் கீழும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இடுப்பு பெல்ட் பின்னாலிருந்து இறுகியது. “பிடிச்சுக்கிட்டேன், குனிங்க,” என்றாள்.

குனிந்தேன். ஒவ்வொரு அலைக்கும் முகம் தண்ணீருக்குள் போனது. உப்பு மூக்கில் ஏறியது. அறுத்தேன், வழுக்கியது, விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டேன். “ஆத்தா, ஆத்தா” என்று யாரோ கத்துவது கேட்டது. சம்பந்திதான் என்று நினைத்தேன். என் வாய்தான் அது. என்னை மட்டும் கொண்டுபோனால் போகட்டும், இவள் அடுப்படி ஜன்னலோடு இருந்திருப்பாளே என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. என் எடைக்கு நான் விழுந்தால் பெல்ட்டைப் பிடித்திருக்கிற அவளும் சேர்ந்துதான் வருவாள். விட்டுவிடமாட்டாள். அதை நினைத்தபோது வந்த பயத்துக்கு முன்னால் தண்ணீர் பயம் ஒன்றுமே இல்லை.

கயிறு முழுதாக வரவில்லை. விசிறி சுற்றுகிற அளவுக்கு விட்டது. எஞ்சினை இறக்கி, அதைக் கிளப்பும் கயிற்றைச் சுண்டினேன், சுண்டினேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல் சுண்டினேன். பிடித்துக்கொண்டது. சம்பந்தி ஏனத்தோடு கும்பிட்டார்.

அப்பாடா என்று கரைப்பக்கம் திருப்பினால், எதிரே முகத்துவாரம் வெள்ளையாக நின்றது. வெளியே வரும்போது முழங்கையால் குத்திய இடம் இப்போது வாய் திறந்திருந்தது. தண்ணீர் இன்னும் வற்றிவிட்டதால் திட்டின்மேல் அலை சுவராக எழுந்து சுவராக விழுந்தது. வேறு வழி இல்லை, அதன் வழியாகத்தான் வீடு.

போனேன். பின்னால் அலை வருகிற சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். நான் திரும்பினால் என் கையும் திரும்பியது, கை திரும்பினால் போட்டும் திரும்பியது. அலை பக்கவாட்டில் தூக்கி, ஒரு பக்க விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டு மேலே வந்தது. சம்பந்தி அடித்தட்டில் படுத்தேவிட்டார். வளைத்து வெளியே கொண்டுவந்தேன். இரண்டாம் முறை போகக் கால் துணிந்தாலும் கழுத்து துணியவில்லை. பின்னால் வருவதைப் பார்க்காமல் எப்படி ஓட்டுவது?

என் மனைவி எழுந்து, தவழ்ந்து வந்து, என் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“நீங்க முன்னாடி பாருங்க. பின்னாடி நான் பாக்குறேன்.”

இதை அவள் எனக்கு முதல் தடவையாகச் சொல்லவில்லை. முதல் லாரி வாங்கின காலத்தில் கெலிண்டான் என்று ஒரு உதவியாள் வைத்துக்கொள்ள எனக்கு வக்கில்லை. பின்னால் நின்று வண்டிக்கு வழி சொல்கிற அந்த வேலையை இவள்தான் செய்தாள். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழைச்சேற்றில், ஆலை மேட்டுக்கு நான் லாரியைப் பின்னால் எடுக்கும்போது, டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நின்று கத்துவாள். கண்ணாடியில் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் குரலில்தான் டயர் எங்கே இருக்கிறது என்று தெரியும். பிறகு ஆள் வைத்தோம், அவள் வீட்டுக்குப் போனாள்.

“போகட்டுமா?” என்றேன்.

“இருங்க. பெருசு வருது. இருங்க... அது முன்னாடி போகட்டும். இன்னொண்ணு. இதுவும் பெருசு. இருங்க.”

அந்தச் சுவர் எங்களைத் தூக்கி இறக்கிவிட்டு முன்னால் போய் உடைந்தது. நான் திரும்பவில்லை.

“இப்பப் போங்க. போங்க. அமுக்குங்க. அந்த அலையோட முதுகை விடாதீங்க, அதை ஒட்டியே போங்க... வேகம் வேணாம், மேல ஏறிடாதீங்க... பின்னாடி ஒண்ணு வருது.”

“எவ்வளவு பெருசு?”

“அது உங்களுக்கு எதுக்கு? நேரா பிடிங்க.”

அவள் குரல் நடுங்கியது. நடுங்கினாலும் நிற்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. என் முழங்காலில் அவள் முதுகு மட்டும் மேலும் மேலும் அழுந்தியது. வெள்ளை நுரை இரண்டு பக்கமும் ஓடியது. அடியில் மணல் ஒரு முறை உரசியது. பிறகு தண்ணீர் மறுபடியும் காவி நிறமாயிற்று. ஒரு கொக்கு பலகைப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தது.

கரைக்கு வந்ததும் மலாய்க்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி போட்டைப் பிடித்தார். அவர் தன் படகைக் கிளப்பிக்கொண்டு எங்களைத் தேடி வரத் தயாராக இருந்தாராம். விசிறியில் மிச்சமிருந்த கயிற்றைப் பார்த்தார். என் விரலுக்குத் தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டினார். பூசாரி ஓடிவந்து, “பாத்தீங்களா, அம்மா காப்பாத்திட்டா!” என்றார். சம்பந்தி மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் அவர் எதற்கும் நக்கல் அடிக்கவில்லை.

கரங்கான் திரும்பும்போது வேனில் சொன்னேன். “போட்ட வித்துடலாம்.”

அவள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, “வித்துட்டு?” என்றாள்.

“சும்மா இருக்கிறது.”

“நீங்களா?” என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, “நீங்க மறுபடி இன்னொண்ணு வாங்குவீங்க. என்கிட்ட சொல்லாமப் போவீங்க. அந்தப் பயத்தோட நான் அடுப்படியில நிக்க முடியாது. போனா ரெண்டு பேரும் போவோம், இல்லாட்டி விட்டுருங்க,” என்றாள்.

போட் இப்போது கோத்தா கோலா மூடாவிலேயே நிற்கிறது. கிளம்பும் நேரத்தை மலாய்க்காரர்தான் சொல்கிறார். இந்தப் பக்கத்தில் என்னைப்போல் முகத்துவாரம் தாண்டுகிற தமிழன் எவனும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் அலை உடைகிற சத்தம் கேட்கத் தொடங்கியதும் கணுக்கால் சில்லிடுகிறது, திரும்பிவிடலாமா என்று நினைக்கிறேன். அவள் அதற்குள் இடம் மாறி, எனக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்க்கத் திரும்பினால் போட் கவிழும்.